ஆணையரின் பேனாவும் வட்டக்கானல் பள்ளமும்

தொடர் விடுமுறை முடிந்த ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் வட்டக்கானலுக்குப் போய்ப் பாருங்கள். கொடைக்கானல் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர்தான். இஸ்ரேலியப் பயணிகள் வந்து தங்குவதால் ‘குட்டி இஸ்ரேல்’ என்று ஊடகங்கள் பெயர் வைத்த இடம். டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதையின் இருபுறமும் தண்ணீர் பாட்டில், பீர் பாட்டில், நொறுக்குத்தீனி உறை, குழந்தைகளின் டயப்பர். இவை தாமாக மறைவதில்லை. சரிவில் இறங்கி, வழுக்கும் புல்லைப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் கிடப்பதை எடுத்துச் சாக்கில் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத இரகசியமில்லை.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வர இ-பாஸ் வேண்டும். சிறிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி உண்டு. மலையைக் காக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மலைக்கு ஏறும் வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தெரிந்த நிர்வாகம், அந்த வண்டிகள் விட்டுப்போவதை அள்ளும் கைகளைப் பற்றி என்ன கணக்கு வைத்திருக்கிறது? எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், கூலி எவ்வளவு, கையுறை உண்டா, மழைக்கோட்டு உண்டா? இந்தக் கணக்கு ஏன் சுற்றுலாப் புள்ளிவிவரம்போல அறிவிப்புப் பலகையில் வருவதில்லை?

இதற்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி நகராட்சி ஆணையருடையது. ஒரு ஆணையர் மாறுதலாகிப் போகும்போது பாராட்டு விழா நடக்கிறது. பூங்கா அமைத்தார், வரி வசூலை உயர்த்தினார், ஆக்கிரமிப்பை அகற்றினார், தூய்மை நகரப் பட்டியலில் இடம் பிடித்தார் என்று பேசுகிறார்கள். ‘இவர் காலத்தில் சாதித் தொழிலிலிருந்து எத்தனை பேர் வெளியே வந்தார்கள்?’ என்று எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை. விருது வாங்கித் தந்த துடைப்பம் யார் கையில் இருந்தது என்பது விருதுக் குறிப்பில் இருக்காது.

இது நல்லெண்ணத்தின் பேரில் கேட்கும் சலுகை என்று யாராவது நினைத்தால், 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தைப் படிக்கட்டும். நகர்ப்புறத்தில் அப்படிப்பட்ட தொழிலாளர் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் கணக்கெடுப்பு நடத்தும் பொறுப்பை, அதன் 11ஆம் பிரிவு நகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரி மீதே சுமத்துகிறது. மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 7ஆம் பிரிவு தடை செய்கிறது. கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்ய நவீனக் கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது 33ஆம் பிரிவு. மலக்குழி மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மலைச்சரிவில் லாரி போக முடியாத ஒற்றையடிப் பாதைக்கு அப்பால் விடுதி கட்ட ஒருவர் அனுமதி கேட்டால், ஆணையர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: உன் தொட்டி நிறைந்தால் அதை எந்த இயந்திரம் எடுக்கும்? இயந்திரம் வர முடியாது என்றால் அங்கே ஒரு மனிதன் இறக்கப்படுவான். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் அன்றைக்கே அது தெரிந்துவிடுகிறது.

‘ஆணையர் என்ன செய்வார் பாவம்? மேலே அரசு, கீழே கவுன்சிலர்கள், இரண்டு வருடத்தில் மாறுதல்’ என்பார்கள். இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு இந்த மலையடிவாரமே பதில் சொல்லும்.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்குப் பட்டிவீரன்பட்டி தூரமில்லை. அந்த ஊர்க்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர். 1920களின் கடைசியில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தனியார் பேருந்துகள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்தன. அவர் மனமாற்றப் பிரச்சாரம் செய்துகொண்டு காத்திருக்கவில்லை. ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் இரத்தாகும் என்று உத்தரவு போட்டார். புதிதாக ஒரு சட்டம் வர வேண்டியிருக்கவில்லை. உரிமம் கொடுக்கும் அதிகாரம் போர்டிடம் இருந்தது, அதைச் சாதிக்கு எதிராகத் திருப்பினார்.

இன்னொன்று, மலைக்குக் கிழக்கே உசிலம்பட்டிப் பக்கம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே தேர்தலை நடத்த விடவில்லை. வேட்புமனுவே வராது, வந்து வென்றாலும் பதவி விலக வைக்கப்படுவார்கள். 2006இல் அரசும் அன்றைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரனும் உறுதியாக நின்றபோது அதே ஊர்களில் தேர்தல் நடந்தது. சாதி ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆனால் பத்தாண்டுகளாக ‘நடத்த முடியாது’ என்று எழுதப்பட்ட கோப்பு, நடத்த விரும்பியபோது நகர்ந்தது.

அப்படியானால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை விட்டுவிட்டு நல்ல அதிகாரியைத் தேட வேண்டுமா? இல்லை. அமெரிக்காவில் 1908இல் ஸ்டான்டன் நகரத்தில் தொடங்கி, 1914இல் டேட்டன் வழியாகப் பரவியது ‘நகர மேலாளர்’ முறை. அரசியல் கலக்காத நிபுணர் நகரத்தை நிறுவனம்போல நடத்துவார் என்பது அதன் வாக்குறுதி. நாமும் அந்த முறையை வேறு பெயரில் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகராட்சிகள் தேர்தலின்றித் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. கவுன்சிலர் தொல்லையில்லாத அந்த ஐந்தாண்டுகளில் எந்த ஊரில் குப்பை அள்ளுகிறவரின் சாதி மாறியது? அரசியல் கலக்காத நிர்வாகம் என்றால், ஏற்கெனவே இருக்கும் சாதி ஏற்பாட்டில் கை வைக்காத நிர்வாகம் என்றுதான் நடைமுறையில் பொருளாகிறது.

மறுபக்கம் சென்னையைப் பாருங்கள். இடஒதுக்கீட்டின் பயனாக 2022இல் முதன்முறையாக ஒரு தலித் பெண் மேயரானார். நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து, பெரும்பாலும் தலித் பெண்களான தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாட்கள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மேயரின் அங்கி ஒருவரிடம், நிர்வாக அதிகாரம் ஆணையரிடம், கொள்கை முடிவு கோட்டையில். நமக்குக் கிடைத்தது அங்கி.

தனியார்மயம் வெறும் கூலிப் பிரச்சினை இல்லை. 2022இல் வந்த 139, 152ஆம் எண் அரசாணைகளை இரத்து செய்யச் சொல்லித் தொழிற்சங்கங்கள் போராடுவது, அவை உள்ளாட்சிப் பணியிடங்களை வெளிமுகமைக்குத் தள்ளுவதால்தான். வெளிமுகமை வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. ஆனால் துப்புரவில் எழுதாத இடஒதுக்கீடு நூற்றுக்கு நூறு உண்டு. அருந்ததியருக்கு 2009இல் சட்டமாகி, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதிப்பட்ட 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை அனுபவிக்க அரசு வேலை இருக்க வேண்டாமா?

1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் தூய்மைத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டையைப் பிடித்து நடந்தார்கள். அவர்களுக்காக அங்கே போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். பன்னிரண்டு நாள் கழித்து நகர நிர்வாகம் தொழிற்சங்கத்தை ஏற்றது. முடியாது, முடியாது என்று சொன்ன அதே நிர்வாகம்தான்.

நம் பிள்ளைகள் இன்று குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறார்கள். அவர்களில் சிலர் நாளை ஏதோ ஒரு நகராட்சியின் ஆணையர் அறைக்குள் நுழைவார்கள். அவர்களுக்கும், இன்று அங்கே இருப்பவர்களுக்கும் சொல்ல இருப்பது இதுதான். முதல் மாதத்திலேயே தூய்மைப் பணியாளர் பட்டியலை எடுங்கள். ஒப்பந்தக்காரர் பிடித்த பி.எஃப். பணம் கட்டப்பட்டதா என்று பாருங்கள், கட்டாதவனின் பில்லை நிறுத்துங்கள். பணியாளர்கள் உடை மாற்றவும் சாப்பிடவும் ஓர் அறை கொடுங்கள். காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்டுக் கோப்பு அனுப்புங்கள். திரும்பி வந்தால் மறுபடியும் அனுப்புங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படித்துவிட்டு அம்மாவின் துடைப்பத்தையே வாங்கிக்கொண்ட பிள்ளை உங்கள் பட்டியலில் இருந்தால், அவரை அலுவலக வேலைக்குக் கொண்டுவர விதியில் என்ன வழி என்று தேடுங்கள். இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

அடுத்த விடுமுறைக்கும் வட்டக்கானல் நிரம்பும். செவ்வாய்க்கிழமை அது சுத்தமாகவும் இருக்கும். அந்தச் சுத்தத்துக்காக ஆணையரைப் பாராட்டும் முன்னால், பள்ளத்தில் இறங்கியவர் யார், என்ன கூலிக்கு இறங்கினார் என்று கேட்போம்.