முதிய நாயின் சிறுநீர்ப்பைக்கு யார் பொறுப்பு?

பத்து வயதைத் தாண்டிய நாய் பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினால் வீடே பதறுகிறது. தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். அதே நாய் படுத்த இடத்திலேயே சிறுநீர் விட ஆரம்பித்ததும் பதற்றம் போய் எரிச்சல் வந்துவிடுகிறது. கூடத்தில் கிடந்த அதன் படுக்கை மொட்டை மாடிக்கோ கார் நிறுத்தும் இடத்துக்கோ போகிறது. சில வாரங்களில் 'பேசாமல் ஊசி போட்டுவிடலாமா' என்ற பேச்சு எழுகிறது. தண்டுவடம் பழுதான நாய் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்பதைப் பல வீடுகளில் தரையின் ஈரமே முடிவு செய்கிறது. ஆனால் இந்த ஈரம் பெரும்பாலும் கையால் சமாளிக்கக்கூடியது. அதற்கான பயிற்சியைத் தராமல் மாத்திரைச் சீட்டை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் சிகிச்சை அரைகுறைச் சிகிச்சை.

முதலில், இந்தத் தண்டுவடப் பழுது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். டாஷண்ட் நாயின் கால்களைக் குட்டையாக்கும் மரபணு மாற்றமே அதன் முதுகெலும்பு டிஸ்க்குகளையும் இளவயதிலேயே கெட்டிப்படுத்துகிறது. அந்த இனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வாழ்நாளில் எப்போதாவது டிஸ்க் கோளாறுக்கு ஆளாகிறது. ஹட்ச் விளம்பரம் வந்த பிறகு நம் ஊர்களில் பெருகிய பக் நாயின் அழகே அதன் சுருண்ட வால்தான்; அந்தச் சுருளைத் தரும் கோணல் முள்ளெலும்பு முதுகின் நடுவிலும் இருந்துவிட்டால் தண்டுவடம் நசுங்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வேறு கதை. எட்டு வயதுக்கு மேல் தண்டுவடம் மெல்ல மெல்லச் சிதையும் நோய் அதற்கு வருகிறது. எஸ்ஓடி1 என்ற மரபணுவுக்கு அதில் பங்குண்டு என்று 2009-ல் கண்டறியப்பட்டது. இந்த நோயில் வலி இல்லை, குணப்படுத்தும் மருந்தும் இல்லை. கடைசிக் கட்டத்தில் சிறுநீர், மலம் இரண்டின் மீதும் நாய் கட்டுப்பாட்டை இழக்கிறது. ஆக, நாம் ரசித்துத் தேர்ந்தெடுத்த உடலமைப்பும் வம்சமும் முதுமையில் கேட்கும் விலை இது. இதற்காக நாயைக் கோபித்துக்கொள்வதில் என்ன நியாயம்?

கோபத்தோடு ஒரு தப்புக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைப் பார்த்தால் சிறுநீர்ப்பை காலியாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பல நாய்களில் நடப்பது நேர்மாறு: பை நிரம்பித் தளும்பி வழிகிறது. நடுமுதுகில் பழுது இருந்தால் மூளையின் கட்டளை பைக்கு எட்டுவதில்லை. பையின் வாயை மூடும் வாய்த்தசை இறுகிக்கொள்ள, பை கல் போல் ஆகிறது. பழுது இடுப்புப் பக்கம் இருந்தால் பையும் வாய்த்தசையும் தளர்ந்து ஓயாமல் கசிகிறது. முதல் வகைக்கு வாய்த்தசையைத் தளர்த்தும் மருந்து வேண்டும். ஒழுக்குக்கு என்று பொதுவாகக் கொடுக்கப்படும், வாய்த்தசையை இறுக்கும் மாத்திரையை அந்த நாய்க்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். முதுகுவலிக்குத் தரும் ஸ்டீராய்டே தாகத்தையும் சிறுநீரையும் கூட்டிவிடும் என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. விவரம் தெரியாத வீட்டார் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைக்கிறார்கள், அல்லது டயப்பரைக் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும். டயப்பர் தரையைக் காப்பாற்றுமே தவிர பையைக் காலி செய்யாது. நனைந்த டயப்பருக்குள் தோல் வெந்து புண்ணாகிறது. குழந்தைகளுக்குப் போடும் துத்தநாகக் களிம்பைத் தடவினால், நாய் அதை நக்கி இன்னொரு சிக்கல் வரும்.

செய்ய வேண்டியது, பையைக் கையால் அமுக்கிக் காலி செய்வது. நாயை நிற்கவைத்து அல்லது பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்தொடைகளுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இருபுறமும் விரல்களைத் தட்டையாக வைத்தால், நிரம்பிய பை பந்து போல் உருளும். அதை நழுவவிடாமல் பிடித்து, வால் பக்கமாக நிதானமாக அழுத்த வேண்டும். குத்தக் கூடாது, திடீரென்று நெரிக்கவும் கூடாது. தாரையாக வந்து, மெலிந்து, நின்றுவிட்டால் அந்த வேளைக்கு முடிந்தது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. வாய்த்தசை இறுகிய நாயை மருந்து வேலை செய்வதற்கு முன் பலமாக அமுக்கினால் பை கிழியும் அபாயம் உண்டு. ஆகவே இதை யூடியூப் பார்த்துப் பழகக் கூடாது, மருத்துவரின் மேஜையில்தான் பழக வேண்டும். தேங்கிய சிறுநீரில் கிருமி எளிதில் பெருகும். உணர்வு மரத்த நாய் எரிச்சலைக் காட்டிக்கொள்ளாது. கலங்கலும் வாடையும்தான் எச்சரிக்கை. சிறுநீரை அவ்வப்போது சோதனைக்கு அனுப்பாமல் இந்த நாய்களை வைத்துக்கொள்ள முடியாது.

மனித மருத்துவம் இதை முன்பே கற்றுக்கொண்டது. தண்டுவடம் அடிபட்டவர்கள் கடந்த நூற்றாண்டின் முதல் பாதிவரை பெருமளவில் இறந்தது சிறுநீர்த் தொற்றாலும் சிறுநீரகம் கெட்டும்தான். பையைக் காலி செய்யும் முறைகள் வந்த பிறகே அவர்களின் ஆயுள் நீண்டது. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தார், வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். அந்தத் துறையில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பு அடிப்படைப் பாடம். 1903-லேயே வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி கண்ட மாநிலத்தில், நாய் வளர்ப்பவருக்கு அதே பாடம் கிடைப்பது டாக்டரின் தனிப்பட்ட நல்ல மனதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வி நியாயமானது. நடைமுறையில் இந்த வேலை, கேட்காமலேயே, வீட்டுப் பெண்ணின் தலையில் விழும் என்பதும் உண்மை. ஆனால் கை பழகியபின் ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் ஆகும்; காலை, மாலை, படுக்கும் முன் என்று இருவர் மூவர் பங்கிட்டுக்கொள்ளலாம். துடைத்து அலுத்துப்போவதைவிட, நேரத்துக்குப் பையைக் காலி செய்வது குறைந்த வேலை. அப்படியும் முடியாத குடும்பங்கள் இருக்கும். அவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிடுவது வேறு விஷயம். பட்டினியில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்! ஒரு பாக்கெட் டயப்பர் அதைவிட விலை அதிகம்.

இந்த நிலையில் உயிரோடு வைத்திருப்பதுதான் கொடுமை என்பவர்களின் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. மாத்திரைக்கு அடங்காத வலி, தட்டைத் தொடாத நாட்கள், ஆறாத படுக்கைப் புண், திரும்பத் திரும்ப வரும் தொற்று: இவை சேர்ந்துவிட்டால் ஊசிதான் கருணை. ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் தலை தூக்கி, ஊட்டுவதைச் சாப்பிட்டு, வலியில்லாமல் கிடக்கும் நாய்க்கு ஒழுக்கு மட்டுமே காரணமாகச் சொல்லப்படுமானால், மருத்துவர் உடனே சம்மதிக்கக் கூடாது. சிறுநீர்ச் சோதனை ஒன்று, எந்த வகைப் பழுது என்ற கணிப்பு, வீட்டாரில் ஒருவர் தம் கையால் அமுக்கிப் பழக இரண்டு வாரம்: இவை முடிந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம் என்று அவர் சொல்லவேண்டும்.