"அவ்ளோ பெரிய ஆளுகிட்ட நாம என்னத்தைக் கேட்கிறது?"

சங்க ஆண்டுமலருக்குப் பேட்டின்னா நம்மாட்கள் பம்முற பம்மல் இருக்கே! "பி. சாய்நாத்தா? 2007-ல மகசேசே விருது வாங்கினவராச்சே, நாம என்னத்தைக் கேட்கிறது?" இதுக்குத் தன்னடக்கம்னு பேர் வேற. சோம்பேறித்தனம் மக்களே! படிக்காம போனா உதறத்தான் செய்யும்.

1996-ல வந்த அவரோட 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' புத்தகத்தைப் புரட்டுங்க. ராமநாதபுரம் வருது. சைக்கிள் கத்துக்கிட்ட புதுக்கோட்டைப் பெண்கள் வர்றாங்க. அறிவொளி இயக்கத்துல பாடம் நடத்தின அக்கா உங்க சொந்தத்துலயே இருப்பாங்க (ஒரு போன் போட்டா என்ன?). "கல்குவாரி வேலைக்குப் போன அந்தப் பெண்களுக்குச் சைக்கிளால என்ன மாறுச்சு, எது மாறலை?" டெல்லி நிருபருக்குத் தோணாத கேள்வி இது. கேட்க எந்தப் பட்டம் வேணும்?

அந்த மனுஷர் பேரெடுத்ததே பத்திரிகைகள் சீந்தாத விவசாயிகள்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான். அவர்கிட்ட போய் "உங்க வெற்றியின் ரகசியம்?"னு கேட்கிறதுதான் அவமரியாதை. குரல் நடுங்கினா நடுங்கட்டும். தாள்ல எழுதி வெச்சுப் படிங்க. பதில் ஒப்பலைன்னா மறுத்துக் கேளுங்க.

அடுத்த மலர்லயும் "சந்தித்தது என் பாக்கியம்"னு பேட்டி ஆரம்பிச்சா, நான் நேரா சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்.