ஆறு அவர்களுக்கு, வீடு எமக்கா?

“உது வெள்ளையளுக்கு வேலையில்லாத வேலை.”

2022 கார்த்திகைக் குளிரில், ஸ்காபரோவில் ஒரு தமிழ் உணவகத்தின் சமையலறையில் சொல்லப்பட்ட வசனம் இது. முன்பக்கத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வயதுபோன பெண்கள், விவசாயிகள், மாணவர்கள் என ஒரு கூட்டம் பதாகைகளோடு நின்றது. ஒன்ராறியோ அரசாங்கம் பசுமை வலயத்திலிருந்து நிலத்தை எடுத்து வீடு கட்டக் கொடுக்கப் போகிறதாம், அதை எதிர்த்து நிற்கிறார்களாம். வசனத்தைச் சொன்னவர் கெட்ட மனிதரல்ல. நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்படியில் வேகிற அண்ணை. சொல்லிவிட்டு அவர் கொத்துரொட்டியைக் கொத்தத் தொடங்கினார். நாம் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

எமக்கு றூஜ் ஆற்றைத் தெரியாதென்று சொல்ல முடியாது. ஆடி ஆவணியில் எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒன்றுகூடல் வைக்கிற மார்க்கம் மில்ன் பூங்கா இருப்பது இந்த ஆற்றங்கரையில்தான். அங்கே அணைக்குப் பின்னால் தேங்கி நிற்பது றூஜ் ஆற்று நீர். கூழ் குடித்து, கயிறு இழுத்து, சங்கீதக் கதிரை ஓடி முடித்து வீட்டுக்குப் போகிறபோது, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எங்களில் எத்தனை பேர் கேட்டோம்? பனிக்கட்டிக் காலம் விட்டுப்போன ஓக் றிட்ஜஸ் என்ற மணல்மேட்டில் ஊறி, மார்க்கத்தினூடாகவும் ஸ்காபரோவின் கிழக்கு விளிம்பாலும் இறங்கி, ஒன்ராறியோ வாவியில் விழுகிறது இந்த ஆறு. புரட்டாதியில் வாவியிலிருந்து சமன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வருவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். சமனை ரின்னுக்குள் மட்டுமே கண்ட எமக்கு அது ஒரு அதிசயமான காட்சி.

பக்கத்தில் ஓடுகிற ஹைலண்ட் கிறீக்கைப் பாருங்கள். அதன் நீரேந்து நிலத்தில் பெரும்பகுதி வீடும் கடையும் தாரும் சீமெந்துமாகிவிட்டது. ஒரு பெருமழை பெய்தால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்க வழியில்லாமல் ஒரேயடியாக ஆற்றில் பாய்ந்து கரையை அரித்துக்கொண்டு போகிறது. றூஜுக்கு அந்தக் கதி முழுமையாக வரவில்லை. அது தானாகத் தப்பவில்லை. மனிதர்கள் தப்ப வைத்தார்கள். நாம் சிரித்த அதே ‘வேலையில்லாத’ மனிதர்கள்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1954 ஐப்பசியில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றது. ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரே தெருவில் மாத்திரம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வீட்டோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். ஆறு பெருகுகிற நிலத்தில் வீடு கட்டக்கூடாது, பள்ளத்தாக்குகள் பொதுநிலமாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பிணங்களைப் பார்த்துக் கற்ற பாடம். ஆனால் ஆற்றில் கழிவு கொட்டுவது நிற்கவில்லை. 1969 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவர்கள் டொன் ஆறு செத்துவிட்டதென்று அறிவித்து அதற்குச் சவ ஊர்வலமே நடத்தினார்கள். றூஜின் அருகிலோ 1967 முதல் 1983 வரை நகரத்தின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இன்று புல் மூடிய குன்றாகத் தெரிவது அந்தக் குப்பைதான்.

1975 இல் ‘றூஜ் பள்ளத்தாக்கைக் காப்போம்’ என்று ஒரு அமைப்பு தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவர் லோயிஸ் ஜேம்ஸ் என்ற பெண்மணி. வீட்டுத் திட்டம் வந்தது, பெருந்தெருத் திட்டம் வந்தது, மீண்டும் குப்பைமேட்டுத் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் நகரசபைக் கூட்டங்களில் போய்க் குந்தியிருந்தார்கள், கடிதம் எழுதினார்கள், அரசியல்வாதிகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளத்தாக்கைக் காட்டினார்கள். 1990களின் நடுவில் றூஜ் பூங்கா உருவானது. 2015 இல் அது சட்டப்படி தேசிய நகரப் பூங்கா ஆனது. அத்தோடும் அவர்கள் ஓயவில்லை. அந்தச் சட்டத்தில் சூழலின் நலம் ‘கவனத்தில் எடுக்கப்படும்’ என்றுதான் இருந்தது. கவனத்தில் எடுப்பதென்றால் என்னவென்று அகதி மனுக் கொடுத்த எமக்குத் தெரியாதா? இது போதாது என்று அவர்கள் வாதாடினார்கள். மாகாண அரசாங்கமும் தன் நிலத்தைக் கொடுக்க மறுத்தது. கடைசியில் 2017 இல் சட்டம் திருத்தப்பட்டு, சூழலின் முழுமையைக் காப்பதே முதல் கடமை என்று எழுதப்பட்டது. இன்று 79 சதுர கிலோமீற்றர் பூங்காவாக இருப்பது இப்படிச் சொல்லுக்குச் சொல் சண்டை பிடித்துப் பெறப்பட்டது.

இந்தக் கதையில் எம்மைக் குலுக்கியிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1972 இல் மத்திய அரசாங்கம் பிக்கறிங்கில் விமான நிலையம் கட்டவென்று 18,600 ஏக்கர் நிலத்தைச் சுவீகரித்தது. தலைமுறையாக இருந்த விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு நாள் காலையில் நிலம் உங்களுடையதல்ல என்று சொல்லப்பட்டது. மக்கள் எதிர்த்தார்கள். 1975 இல் திட்டம் நிறுத்தப்பட்டது, ஆனால் நிலம் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. வீடுகள் பாழடைந்தன, இடிக்கப்பட்டன. பிற்காலத்தில் அதில் ஒரு பெரும் பகுதி றூஜ் பூங்காவோடு சேர்ந்தது. அங்கே விமான நிலையம் வராது என்று அரசாங்கம் வாய்திறந்து சொன்னது 2025 தையில். 53 வருடங்கள்!

வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவர்களே, இதைக் கேட்க உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? 1990 இல் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து உடுத்த உடையோடு ஓடினோம். 2013 இல் 6,381 ஏக்கரை இராணுவத்துக்குச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அங்கே நடந்ததையும் இங்கே நடந்ததையும் ஒரே தராசில் வைக்க நாம் வரவில்லை. இங்கே குண்டு விழவில்லை, நட்டஈடும் கொடுத்தார்கள். ஆனால் கொழும்பிலோ ஒட்டாவாவிலோ ஒருவன் வரைபடத்தில் கோடு கீறினால், கோட்டுக்குள் அகப்பட்டவனுக்கு என்ன நடக்கும் என்பதை அறிந்த சனங்கள் நாம். அந்த அறிவு கனடாக் கடவுச்சீட்டோடு காலாவதியாகிவிட்டதா?

இனி அந்தத் தொலைக்காட்சிச் செய்திக்கு வருவோம். பூங்காவை ஒட்டி டஃபின்ஸ்–றூஜ் விவசாய நிலம் இருக்கிறது. நாட்டின் மிகச் சிறந்த வகை மண். 1970களில் மாகாணம் சுவீகரித்த அந்நிலம், விவசாயம் மட்டுமே செய்யலாம் என்ற நிபந்தனையோடு பின்னர் விற்கப்பட்டது. 2005 இல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. 2022 மார்கழியில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பசுமை வலயத்தின் 15 இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட 7,400 ஏக்கரில் மிகப்பெரிய பங்கு இதுதான். பூங்காவின் சூழலுக்குத் திருத்த முடியாத கேடு வரலாம் என்று அதை நிர்வகிக்கிற மத்திய நிறுவனமே எழுத்தில் எச்சரித்தது.

“வீடில்லாமல் சனம் அந்தரிக்குது, தவளைக்கும் ஆமைக்கும் நிலமோ?” என்று கேட்டவர்கள் உண்டு. நிலக்கீழ் அறைகளில் ஐந்து பேர் ஆறு பேராக வாடகைக்கு இருக்கிற எமக்கு இந்தக் கேள்வி சுடத்தான் செய்தது. ஆனால் பதில் அரசாங்கத்தின் சொந்தப் பத்திரங்களிலேயே இருந்தது. வீட்டுப் பிரச்சினையை ஆராய அந்த அரசாங்கமே நியமித்த குழு, நிலப் பற்றாக்குறை இதற்குக் காரணமல்ல என்று 2022 மாசியிலேயே சொல்லியிருந்தது. 2023 ஆவணியில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம், இந்த முடிவால் நிலச் சொந்தக்காரர்களின் சொத்துப் பெறுமதி 830 கோடி டொலருக்கு மேல் உயரலாம் என்று எழுதினார். அடுத்த மாதமே அமைச்சர் பதவி விலகினார், முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டு முடிவை மாற்றினார். வருட முடிவுக்குள் சட்டமும் திரும்பி வந்தது. ஆக, அந்த 830 கோடி நிலக்கீழ் அறையில் படுக்கிறவனுக்கு வரவிருந்த காசல்ல. எங்கள் கஷ்டத்தைக் காட்டி யாரோ சம்பாதிக்கப் பார்த்தார்கள். நாமோ அவர்களுக்காகச் சமையலறையில் நின்று இலவசமாக வாதாடினோம்!

ஏன் வாதாடினோம்? எமது பத்திரிகைகளைப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கோட்டும் ரையும் கட்டிய வீட்டுத் தரகர்களின் சிரிப்பு. ஸ்காபரோவில் அப்பாட்மென்ற், பிறகு மார்க்கத்தில் வீடு, பிறகு ஏஜக்சிலும் பிக்கறிங்கிலும் அதைவிடப் பெரிய வீடு என்பதே வாழ்க்கையின் பாதை என்று எமக்குள் நாமே எழுதி வைத்துவிட்டோம். அந்தப் பாதை யாருடைய வயலுக்கு மேலால் போகிறது என்று கேட்பவன் சமூகத்துக்குள் பைத்தியக்காரன். ஊரில் இரண்டு பரப்புக் காணிக்காக வேலி வழக்கு நடத்திய பரம்பரை நாம். வேலிக்கு அப்பால் உள்ளதையும் ஒரு சொத்தாகக் காண எப்போது பழகப்போகிறோம்?

தொகுதியின் பெயரிலேயே ஆறு இருந்தது: ஸ்காபரோ–றூஜ் பாக். 2015 இல் மத்திய பாராளுமன்றத்துக்கும் 2018 இல் மாகாண சபைக்கும் அங்கிருந்து தமிழர்களையே அனுப்பினோம். மாலை போட்டோம், படமெடுத்தோம். சட்டத்தை நீக்கிய அரசாங்கம் அந்த மாகாண உறுப்பினரின் கட்சியினுடையது. பொங்கல் விழா மேடைக்கு வருகிற அரசியல்வாதிகளிடம் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டோமா? எமது இளையவர்கள் சிலர் எதிர்ப்புக் கூட்டங்களில் நின்றதை மறுக்கவில்லை. சங்கங்களாக, கோயில்களாக, ஊர்களாக நாம் நிற்கவில்லை. எமக்கு நிற்கத் தெரியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 2009 வைகாசியில் கார்டினர் பெருந்தெருவையே மறித்தவர்கள் நாம்.

“இது எங்கட நாடில்லை, எங்களுக்கேன்?” என்பது கடைசிச் சாட்டு. சரிதான், எங்களுடையதல்ல. அந்த வெள்ளைக்காரர்களுடையதும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இந்த ஆற்றங்கரையில் செனக்கா மக்களின் ஊர் இருந்தது. பின்னர் இது மிசிசாகா மக்களின் நிலம். றூஜ் பள்ளத்தாக்கை நாம் ஒருபோதும் கைவிடவில்லை என்று அவர்கள் 2015 இல் உரிமை கோரினார்கள். பிறருடைய நிலத்தில் அகதியாகக் குந்தியிருக்கிறவனுக்கு அதைப் பழுதாக்காமல் வைத்திருக்கிற கடமையாவது இல்லையா?

மற்றவர்களை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க எமக்கு உரிமையில்லை. உணவகங்களில் வேலை செய்கிற எங்களுக்கு ஒரு இரகசியம் தெரியும். இரவு கடை பூட்டுகிற நேரம், மொப் அடித்த கறுப்புத் தண்ணீரையும், சில வேளைகளில் பொரித்த எண்ணெயின் அடி மண்டியையும், “தம்பி, கொண்டுபோய்ப் பின்னால ஊத்து” என்பார்கள். பின்னால் இருப்பது தெருக்கானின் இரும்பு மூடி. ஊற்றியவர்கள் நாம்தான். அந்தக் கான் கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்துக்குப் போவதாக நினைத்திருந்தோம். இல்லை. மழைநீர்க் கான் சுத்திகரிப்பு எதுவுமில்லாமல் நேரே ஓடைக்குப் போகிறது. சில தெருக்களில் அந்த மூடிக்கருகே மஞ்சள் நிறத்தில் ஒரு மீன் கீறியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கீறியது. இதற்குள் ஊற்றுவது மீனுக்குப் போகும் என்று அர்த்தம். வருடக்கணக்காக அதை மிதித்துக்கொண்டு நின்று ஊற்றினோம். மீனைக் கண்டோம், அர்த்தத்தைக் கேட்கவில்லை.

இதை யார் செய்தது? வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டிலிருந்து வந்தவர்கள். மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறும், சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைநீரும்தான் எங்கள் சொத்து. உப்புநீருக்கு மேல் நன்னீர் மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும் என்பதைப் படித்தவனும் அறிவான், படியாத தோட்டக்காரனும் அறிவான். சுன்னாகத்தில் மின்நிலையத்து எண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கியபோது, 2015 அளவில் புலம்பெயர்ந்த நாமெல்லாம் கொதித்தோம். அது நியாயமான கொதிப்பு. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2019 இல் இரண்டு கோடி ரூபா நட்டஈட்டுத் தீர்ப்பைப் பெற்றவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சூழலியலாளர். அவருக்குச் சுன்னாகத்தில் கிணறு இல்லை. “உது தமிழருக்கு வேலையில்லாத வேலை” என்று அவர் சிரித்துவிட்டுப் போயிருந்தால்?

ஆகவே சங்கங்களிடம் கேட்கிறோம். மில்ன் பூங்காவில் ஒன்றுகூடலுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள். வருடத்தில் இன்னொரு நாளை ஆற்றங்கரையில் மரம் நடவும் குப்பை பொறுக்கவும் ஒதுக்குங்கள். பத்திரிகைக்காரர்களிடம் கேட்கிறோம். தரகர்களுக்குக் கொடுக்கிற பக்கங்களில் ஒரு பக்கத்தை நகரசபையிலும் மாகாண சபையிலும் நிலத்தைப் பற்றி என்ன முடிவாகிறது என்று தமிழில் சொல்லக் கொடுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ‘தமிழனா’ என்று கேட்டபின், ‘டஃபின்ஸ்–றூஜ் நிலத்தில் கை வைப்பாயா’ என்றும் கேளுங்கள். ஒருமுறை திருப்பிக் கொடுத்தவன் மறுமுறை எடுக்கமாட்டான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உணவக முதலாளிகளிடம் கேட்கிறோம். எண்ணெய்க்கு ஒரு பீப்பாவும் மொப் தண்ணீருக்கு உள்ளே ஒரு தொட்டியும் வையுங்கள்.

சக தொழிலாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆற்றுக்காக ஊர்வலம் போக எமக்கு நேரமில்லை, உண்மை. சம்பளத்தை வெட்டுவான் என்ற பயமும் உண்மை. ஆனால் “பின்னால ஊத்து” என்கிறபோது வாளியைத் தூக்குகிற கை எங்களுடையது. மாட்டேன் என்று சொல்வதை அங்கிருந்து தொடங்கலாம்.