இத்தாலி வயல்களில் இந்தியத் தொழிலாளர்கள்: சட்டவிரோதக் குடியேற்றம் உருவாவது எங்கே?

ரோம்: இத்தாலியத் தலைநகர் ரோமுக்குத் தெற்கே உள்ள லத்தினா மாகாணத்தில், 2024ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, பண்ணை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த பஞ்சாபைச் சேர்ந்த 31 வயதுத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படவில்லை. தங்கியிருந்த வீட்டின் அருகே இறக்கிவிடப்பட்டார். துண்டான கை, பழங்கள் வைக்கும் பெட்டியில் போடப்பட்டிருந்தது. இரண்டு நாட்களுக்குப் பின் ரோம் மருத்துவமனையில் அவர் உயிரிழந்தார். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்ற அடிப்படையில், பண்ணை உரிமையாளர் மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது.

அந்தத் தொழிலாளிக்கு முறையான வேலை ஒப்பந்தம் இல்லை. இச்சம்பவத்தை மனிதத்தன்மையற்ற செயல் என இத்தாலியப் பிரதமர் ஜார்ஜியா மெலோனி கண்டித்தார். ஆனால் இதனை ஒரு முதலாளியின் கொடுமையாக மட்டும் கருதிவிட முடியாது. ஆவணமற்ற வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இத்தாலிய வேளாண்மையின் அன்றாட உழைப்பில் கலந்துவிட்டனர். அவர்களில் பலரை ஆவணமற்றவர்களாக ஆக்குவது அந்நாட்டின் குடியேற்ற நடைமுறையே என்பதுதான் கவனிக்க வேண்டிய உண்மை.

நிழலில் இயங்கும் வேளாண்மை

இத்தாலியின் தேசியப் புள்ளிவிவர நிறுவனமான இஸ்டாட்டின் 2021ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் சுமார் 11 சதவீதம் பேர் பதிவு இல்லாமல் வேலை செய்கின்றனர். வேளாண்மையில் இந்த விகிதம் 23 சதவீதத்துக்கும் அதிகம். தெற்கே தக்காளி, ஆரஞ்சு அறுவடை, லத்தினாவில் கிவி மற்றும் பசுமைக்குடில் காய்கறிகள், வடக்கே திராட்சை, மாட்டுப் பண்ணைகள் என எங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் உழைப்பு உள்ளது.

லத்தினாவின் அக்ரோ பொன்டினோ சமவெளி, 1930களில் முசோலினி ஆட்சியில் சதுப்பு நிலத்தை வடித்து உருவாக்கப்பட்டது. அங்கு இன்று ஆயிரக்கணக்கான பஞ்சாபியர் வயல் வேலை செய்கின்றனர். உடல் வலியைத் தாங்கிக்கொண்டு நீண்ட நேரம் உழைப்பதற்காகச் சிலர் போதைப்பொருட்களை உட்கொள்வதை 2014இலேயே அங்குள்ள தன்னார்வ அமைப்பு ஒன்று வெளிக்கொணர்ந்தது. 2016 ஏப்ரலில் லத்தினா நகரில் பஞ்சாபியத் தொழிலாளர்கள் திரண்டு வேலைநிறுத்தம் செய்து, நியாயமான கூலி கேட்டனர்.

சட்டப்படி நுழைந்தவர் ஆவணத்தை இழப்பது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் தொழிலாளர்களுக்கு இத்தாலி ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீடு அறிவிக்கிறது. 2023 முதல் 2025 வரை மொத்தம் 4 லட்சத்து 52 ஆயிரம் பேருக்கும், 2026 முதல் 2028 வரை 4 லட்சத்து 97 ஆயிரத்து 550 பேருக்கும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் தொழிலாளி அல்ல, இத்தாலியில் உள்ள முதலாளி. குறிப்பிட்ட நாளில் இணையதளம் திறந்ததும் முந்திக்கொண்டு விண்ணப்பிப்பவருக்கே அனுமதி. அந்த அனுமதியைக் கொண்டு தொழிலாளி தம் நாட்டில் விசா பெற்று, இத்தாலி சென்றபின் அதே முதலாளியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே தங்கும் அனுமதி கிடைக்கும். தங்கும் அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு இறுக்கமாகப் பிணைத்தது 2002ஆம் ஆண்டின் போஸ்ஸி-ஃபினி சட்டம்.

முதலாளி ஒப்பந்தத்துக்கு வராமல் போனால் என்ன ஆகும்? முறையான விசாவுடன் வந்த தொழிலாளி, எவ்விதத் தவறும் செய்யாமலேயே தங்கும் உரிமையை இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். இது அரிதாக நிகழும் விபத்து அல்ல என்பதைப் பிரதமர் மெலோனியே 2024 ஜூனில் வெளியிட்ட விவரங்கள் காட்டின. 2023ஆம் ஆண்டு பருவகால வேலைக்காக வந்த 2 லட்சத்து 82 ஆயிரம் விண்ணப்பங்களில் 1 லட்சத்து 57 ஆயிரம் விண்ணப்பங்கள் கம்பானியா என்ற ஒரே பிராந்தியத்திலிருந்து வந்தவை. அதைவிட இரு மடங்கு வேளாண் நிறுவனங்கள் உள்ள புலியா பிராந்தியத்திலிருந்து வந்தவை 20 ஆயிரம் மட்டுமே. கம்பானியாவில் விசா பெற்றவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவானவர்களே இறுதியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். குற்றக் கும்பல்கள் ஒரு விண்ணப்பத்துக்கு 15 ஆயிரம் யூரோ வரை வாங்குவதாகச் சந்தேகம் தெரிவித்த மெலோனி, இவ்விவகாரத்தை மாஃபியா தடுப்பு தலைமை வழக்கறிஞரிடம் ஒப்படைத்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் கொண்டுவரப்பட்ட அவசரச் சட்டம் விண்ணப்பச் சோதனைகளைக் கடுமையாக்கியது. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாட்டவரின் அனுமதிகள் சரிபார்ப்பு முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டன. இந்தியா அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

கடனின் கணக்கு

2024 ஜூலையில் வடக்கு இத்தாலியின் வெரோனா மாகாணத்தில், அடிமைகளைப் போல நடத்தப்பட்ட 33 இந்தியத் தொழிலாளர்களைக் காவல்துறை மீட்டது. அவர்களை அழைத்து வந்து வேலை வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் இந்தியர்களே. பருவகால வேலை அனுமதிக்காக ஒவ்வொருவரிடமும் 17 ஆயிரம் யூரோ, அதாவது சுமார் 15 லட்சம் ரூபாய், கேட்கப்பட்டது. சிலர் குடும்பச் சொத்தை அடகு வைத்தனர், மற்றவர்கள் முதலாளிகளிடமே கடன்பட்டனர். கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன. வாரத்தின் ஏழு நாட்களும் 10 முதல் 12 மணி நேரம் வேலை. மணிக்கு 4 யூரோ எனப் பேசப்பட்ட கூலியும், கடன் தீரும்வரை கையில் தரப்படவில்லை.

இந்த எண்களைச் சற்றே கணக்கிட்டால் முழுச் சிக்கலும் விளங்கும். பருவகால அனுமதியின் உச்ச வரம்பு 9 மாதங்கள். அந்த 270 நாட்களும் விடுப்பின்றி 12 மணி நேரம் உழைத்து, உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஒரு யூரோகூடச் செலவிடாவிட்டாலும், மணிக்கு 4 யூரோ வீதம் கிடைப்பது 12 ஆயிரத்து 960 யூரோ. கடன் 17 ஆயிரம். சட்டம் அனுமதிக்கும் காலத்துக்குள் அடைக்க இயலாத கடன் அது. எனவே அனுமதி முடிந்தபின் ஊர் திரும்புவது என்பது, அடகு வைத்த சொத்தைக் கைவிடுவதற்குச் சமம். வெரோனா தொழிலாளர்களிடம் நிரந்தர அனுமதி வாங்கித் தருவதாகக் கூறி, மேலும் 13 ஆயிரம் யூரோ கேட்கப்பட்டதாகவும் காவல்துறை தெரிவித்தது.

கங்காணியும் சட்டமும்

ஆட்களைத் திரட்டி, வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு சென்று, அவர்களின் கூலியில் பங்கு எடுத்துக்கொள்ளும் இடைத்தரகரை இத்தாலியில் 'கப்போராலே' என்பர். இலங்கை, மலாயா தோட்டங்களில் தமிழர்கள் அறிந்த கங்காணி முறைக்கு நெருக்கமானது இது. 2015இல் புலியாவின் திராட்சைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்த இத்தாலியப் பெண் தொழிலாளி ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2016ஆம் ஆண்டு சட்டம் எண் 199 நிறைவேறியது. அதுவரை இடைத்தரகரை மட்டுமே குறிவைத்த சட்டம், சுரண்டும் முதலாளியையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. 1 முதல் 6 ஆண்டுகள் வரை, வன்முறையோ மிரட்டலோ இருந்தால் 5 முதல் 8 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

சட்டம் கடுமையானதுதான். ஆனால் அதைச் செயல்படுத்துவதில் தொழிலாளர்கள் அளிக்கும் புகார் முக்கியமானது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணமின்றித் தங்குவதையே 5 ஆயிரம் முதல் 10 ஆயிரம் யூரோ வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றமாக்கிவிட்டது. முதலாளிக்கு எதிராகப் பேசும் தொழிலாளி, அதே மூச்சில் தம்மையும் காட்டிக்கொடுக்கிறார். இந்த அச்சமே கூலியைக் குறைவாக வைத்திருக்கிறது. சுரண்டலுக்கு ஆளானவர்களுக்கு ஆறு மாத சிறப்புத் தங்கும் அனுமதி வழங்க 2024 அவசரச் சட்டம் வழிசெய்தது. விசாரணைக்கு உதவ முன்வருவோருக்கே அது பயன்படும். கடனில் மூழ்கியவர்கள் அந்தத் துணிவைப் பெறுவது எளிதல்ல.

எதிர்வாதமும் விலையும்

ஆவணமற்றவர்களை முறைப்படுத்தினால் மேலும் பலர் சட்டவிரோதமாக வருவர் என்றும், சட்டப்பூர்வ ஒதுக்கீட்டை உயர்த்துவதே சரியான வழி என்றும் இத்தாலிய வலதுசாரிக் கட்சிகள் வாதிடுகின்றன. இதைப் புறந்தள்ள முடியாது. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது வேளாண் அமைச்சர் தெரேசா பெல்லனோவா முன்னெடுத்த முறைப்படுத்தும் திட்டமும் வயல்களை எட்டவில்லை. வந்த சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் விண்ணப்பங்களில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டு வேலை தொடர்பானவை. அங்கும் பெரும்பாலும் முதலாளியின் ஒப்புதல் தேவைப்பட்டது. குறைந்த கூலியில் ஆதாயம் காணும் பண்ணையாளர் அதற்கு முன்வரவில்லை.

பண்ணையாளர்களும் ஓர் அழுத்தத்தில் உள்ளனர். பெரும் சில்லறை விற்பனை நிறுவனங்கள் விலையைக் கீழே தள்ளுகின்றன. ஏலத்தில் கேட்கப்பட்ட குறைந்த விலையை மறு ஏலத்தில் மேலும் குறைக்கும் வழக்கம் 2021இல்தான் தடை செய்யப்பட்டது. தொழிலாளர் உரிமைகளை மீறும் பண்ணைகளின் ஐரோப்பிய ஒன்றிய மானியத்தைக் குறைக்கும் விதி இத்தாலியில் 2023 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவின் பொறுப்பு

இந்தியாவும் இத்தாலியும் 2023 நவம்பர் 2ஆம் தேதி குடிப்பெயர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி இந்தியப் பருவகாலத் தொழிலாளர்களுக்கு 2023இல் 3 ஆயிரம், 2024இல் 4 ஆயிரம், 2025இல் 5 ஆயிரம் இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் ஒப்பந்தத்துக்கும் வயலுக்கும் இடையே நிற்பவர் தரகர்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் குறைந்த கல்வித் தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு மட்டுமே அரசின் முன்அனுமதி தேவை. இத்தாலி அப்பட்டியலில் இல்லை. பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாயும் சரக்கு மற்றும் சேவை வரியும் மட்டுமே வாங்கலாம். வெரோனாவில் கேட்கப்பட்டது இதைப்போல சுமார் 50 மடங்கு. 1983 சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதாவை மத்திய வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. இத்தாலி போன்ற நாடுகளுக்கான ஆட்சேர்ப்பு அதன் கண்காணிப்புக்குள் முழுமையாக வருமா என்பதே பஞ்சாப், ஹரியானா கிராமங்களில் அதன் பயனைத் தீர்மானிக்கும்.

2028 வரை இத்தாலி ஏறத்தாழ 5 லட்சம் அனுமதிகளை வழங்கவுள்ளது. எண்ணிக்கையை உயர்த்துவதால் மட்டும் சட்டவிரோத உழைப்பு மறையாது. ஒரு முதலாளி கைவிட்டால் இன்னொருவரிடம் வேலை தேடிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். அனுமதிக்கான செலவை அவர் தலையில் கட்டும் தரகு வணிகத்தை, அது தொடங்கும் ஊரிலேயே தடுக்க வேண்டும். முதலாவது ரோமின் கையில் உள்ளது; இரண்டாவது டெல்லியின் கையில் உள்ளது. இவ்விரண்டும் நடக்காதவரை, விசாவுடன் விமானம் ஏறுபவர்களில் ஒரு பகுதியினர் சில மாதங்களில் ஆவணமற்றவர்களாக அதே வயல்களில் நின்றுகொண்டிருப்பர்.