எந்திரத்தின் காதும் காவல் நிலையப் பட்டியலும்

1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகம், மனிதர் உச்சரிக்கும் எண்களை அடையாளம் காணும் ‘ஆட்ரி’ என்னும் கருவியை உருவாக்கியது. அதே ஆண்டில்தான் இந்தியா முழுவதும் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் நீங்கியது; பிறப்பை வைத்துச் சந்தேகிக்கும் வழக்கம் நீங்கவில்லை. 1993இல், கடலூர் மாவட்டம் முதனையைச் சேர்ந்த குறவர் சமூகத் தொழிலாளி ராஜாக்கண்ணு, திருட்டுப் புகாரின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டது அதற்குச் சாட்சி. பேச்சறி தொழில்நுட்பத்தை இவ்வரலாற்றோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

இத்தொழில்நுட்பம் அரசின் நிதியிலும் வளர்ந்தது. 1971இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்தின் விளைவாக, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை அறிந்தது. தொலைபேசி உரையாடல்களைத் தேடத்தக்க எழுத்தாக அந்நாட்டு உளவு முகமை மாற்றிவந்ததை, எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் வழியே 2015இல் உலகம் அறிந்தது.

நமது சட்டமோ மனிதக் காதையே மனத்தில் வைத்துள்ளது. பி.யு.சி.எல். வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒட்டுக்கேட்புக்கு உள்துறைச் செயலரின் ஆணை, இரண்டு மாத வரம்பு, மறுஆய்வுக் குழு ஆகியவற்றை வகுத்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இன்றி, குற்றத்தைக் கண்டறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்பது செல்லாது என 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை முக்கியமான அரண்கள். ஆனால், ஒரு காவலர் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலைத்தான் கேட்க முடியும் என்ற இயற்கையான வரம்பும் இதுவரை நமக்கு அரணாக இருந்தது. எந்திரத்துக்கு அவ்வரம்பு இல்லை.

அடுத்த ஆபத்து, தவறாகக் கேட்பது. ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்து 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெள்ளையர் பேச்சில் பிழை விகிதம் 19 விழுக்காடு. கறுப்பினத்தவர் பேச்சில் 35. ஒன்றிய அரசு 2022இல் பாஷிணி திட்டத்தைத் தொடங்கிய பின் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வேலையும் விரைவடைந்துள்ளது. சிதம்பரத்துச் சேரித் தமிழும் கடலூர்க் குப்பத்துத் தமிழும் அதில் எந்த அளவுக்குச் சரியாக எழுத்தாகின்றன? தேர்தல் நாளில் ஒருவர் “அவனுக்குப் போட்டாச்சு” என்கிறார். அது “அவனைப் போட்டாச்சு” என்று பதிவானால், வாக்களித்தவர் கொலைச் சந்தேக நபராகிவிடுவார். ஒடுக்கப்பட்ட மக்கள் வெறும் முன்முடிவால் காவல் துறையின் சரித்திரப் பதிவேட்டில் சேர்க்கப்படக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்ததை இங்கு நினைவுகூர வேண்டும்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. காவல் துறை வாங்கும் பேச்சறி மென்பொருள்களின் பெயரும், வட்டார வழக்கு வாரியான பிழை விகிதமும் வெளியிடப்பட வேண்டும். எந்திரம் தந்த எழுத்துப்படியை மட்டும் வைத்து எவரையும் கைது செய்யக் கூடாது. மூல ஒலிப்பதிவு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்கப்பட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இக்கேள்விகளை எழுப்பும் பணியை அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களே தொடங்கலாம். பட்டியலில் பெயர் ஏறிய பிறகு போராடுவதைவிட, பட்டியல் எப்படி உருவாகிறது என்று இன்றே கேட்பது நல்லது.