இறங்கியவன் கதி

சேலத்துக்கு விமான நிலையம் இருக்கிறது என்பது பாதி உண்மைதான். அது இருப்பது ஓமலூருக்கு அப்பால், காமலாபுரத்தில். அங்கிருந்து சேலம் நகரம் ஏறக்குறைய 20 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து ஒரு மணி நேரத்தில் பறந்து வந்து இறங்கியவன், இந்த மிச்சத் தூரத்தை எப்படிக் கடப்பது என்று வாசலில் நின்று விழிக்கிறான்.

நானும் அப்படி விழித்தவன்தான். நான் வந்து இறங்கிய அன்று வாசலில் பஸ் எதுவும் இல்லை. டாக்ஸிக்காரர் ஒரு தொகை சொன்னார். கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"திரும்பி வெறும் வண்டியாத்தானுங்க வரோணும். நான் என்னங்க பண்றது?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் போய்த்தான் தீர வேண்டும் என்று என்னை நிறுத்திவைத்த ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன்.

இந்த நிலையம் 1993-ல் வந்தது. பல வருஷம் விமானமில்லாமல் கிடந்தது. 2009-ல் வந்த விமானம் 2011-ல் நின்றது. 2018-ல் 'உடான்' திட்டத்தில் மறுபடி வந்தது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. இத்தனை காலமும் "விமானம் எப்போது வரும்?" என்ற கேள்விதான் என் காதில் விழுந்தது. வந்து இறங்கியவன் ஊருக்குள் எப்படிப் போவான் என்று கேட்ட குரல் விழவில்லை.

"விமானத்தில் வருகிறவனுக்குப் பஸ் எதற்கையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரப்பர்ச் செருப்புப் போட்டவனும் விமானத்தில் ஏற வேண்டும் என்று சொல்லித்தான் 2017-ல் 'உடான்' விமானத்தைப் பறக்க விட்டார்கள். சர்க்கார் பணம் கொடுத்து டிக்கெட் விலையைக் குறைப்பதும் அதற்காகத்தான். மேலே சலுகை கொடுத்துவிட்டு, கீழே இறங்கியதும் அதை டாக்ஸிக்குக் கொடு என்றால் அது என்ன சலுகை? திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில் வேலை செய்கிறவனும், சென்னை ஆஸ்பத்திரியில் தகப்பனாரைக் காட்டிவிட்டு வரும் ராசிபுரத்துப் பெண்ணும் பணக்காரர்களா? நாமக்கல்காரருக்குச் சேலம் வந்த பிறகும் இன்னும் 50 கிலோ மீட்டர் பாக்கி!

லண்டனில் ஹீத்ரோ நிலையத்துக்குச் சுரங்க ரயில் 1977-லேயே போய்விட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மீனம்பாக்கத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் நிற்கிறது. 2016-ல் மெட்ரோவும் வந்தது. அங்கே விமானத்தில் வருகிறவன் ரயிலேறினால் அவனுடைய கௌரவம் குறைந்துவிடுகிறதா?

காமலாபுரத்துக்கு நான் ரயில் கேட்கவில்லை. இங்கே வந்து போகிறது எழுபது எண்பது பேர் ஏறும் சின்ன விமானம். அது இறங்கும் நேரத்துக்கு ஒரு பஸ், ஏறும் நேரத்துக்கு ஒரு பஸ். ஜங்ஷனையும் புதிய பஸ் நிலையத்தையும் தொட்டுப் போனால் போதும். ஓடுபாதையை நீட்ட 2018-ல் நிலம் அளக்கப் போனபோது காமலாபுரம், பொட்டியாபுரம், சிக்கனம்பட்டி, தும்பிபாடி விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். பஸ் விடுவதற்கு யாருடைய நிலத்தையும் பிடுங்க வேண்டாமே!

அந்த பஸ் விமானப் பயணிக்கு மட்டும் உரியதும் அல்ல. நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளும் அதில் ஏறுவாள். சாதாரண டவுன் பஸ்ஸாக விட்டால், 2021-ல் வந்த உத்தரவுப்படி அவளுக்கு டிக்கெட்டும் வேண்டாம். லாரிக்கும் போர்வெல் வண்டிக்கும் பேர் போன இந்தச் சீமையில், விமான நிலைய வாசலுக்கு ஒரு பஸ் விடச் சொல்லிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. இதற்கு வெட்கப்பட வேண்டியவன் எழுதுகிற நான் அல்ல.