பிரேக்கில் சிக்கனம் வேண்டாமே!

மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்க, என் கணவர் பைக்கின் முன் டிஸ்க் பிரேக்குக்கு வாசலிலேயே ஆயில் மாற்றினார். அதுவும், பரணில் வருஷக்கணக்காகத் திறந்து கிடந்த பாட்டில்! மறுநாள் மகளைப் பள்ளிக்கு ஏற்றும் நேரம், மனசு கேட்காமல் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். கொழகொழவென்று கைப்பிடி வரை போய் ஒட்டிக் கொண்டது.

'ஓட்ட ஓட்ட சரியாயிடும்' என்றார். 'அப்ப, தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போங்க' என்று சொல்லி, மகளை பஸ்சில் அனுப்பினேன்.

நிப்பிளை மூடும் முன்பே லீவரை விட்டதால், காற்று புகுந்து விட்டதாம். திறந்து வைத்த ஆயில், ஈரத்தை வேறு இழுத்துக் கொள்ளுமாம். (டேங்கில் சிந்தியது பெயின்ட்டை உரித்தது தனிக்கதை!)

வீட்டில் செய்வதைத் தப்பென்று சொல்லவில்லை, தோழியரே... லீவர் கெட்டியாக நிற்கிறதா என்று நீங்களே அழுத்திப் பார்க்காமல், பிள்ளைகளை ஏற்ற விடாதீர்கள். 'உனக்கென்ன தெரியும்' என்பார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் முறைத்துக் கொண்டுதான் இருக்கிறார்!

— ஒரு வாசகி, தேனி.